வாய்ப்புற்றும் மருந்தின் விலையும்

"வளர்க, பரவுக" என்று வாய்ப்புற்றின் உயிரணுக்களுக்குக் கட்டளை செல்லும் வழியை அடைக்கும் மருந்துகள் வந்து ஆண்டுகள் பலவாயின. புகையிலையால் நம் ஏழைகளையே பெரிதும் பற்றும் இந்நோய்க்கு அவற்றுட் பல எட்டாத விலையில் நிற்கின்றன.

மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் 2022ல் வெளியிட்ட ஆராய்ச்சியை நாம் பெரிதும் மதிக்கிறோம். வாய்ப்புற்று உள்ளிட்ட தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு, அவ்வழியை அடைக்கும் எர்லோடினிப் முதலிய மாத்திரைகளுடன், உடலின் காவலணுக்களைக் கட்டவிழ்க்கும் நிவோலுமாப் மருந்தை மூன்று வாரங்களுக்கொருமுறை 20 மில்லிகிராமே செலுத்தினார்கள். வழக்கமான அளவில் இது பத்திலொரு பங்குகூட அன்று! மாத்திரை மட்டும் உண்டவருள் ஓராண்டு கடந்து பிழைத்தவர் நூற்றுக்கு 16. இதையும் பெற்றவருள் 43.

விற்பனையைக் குறைக்கும் பரீட்சைக்கு எந்தக் கம்பெனி பணந்தரும்? சர்க்காரே தரவேண்டுமென்பது நமது கோரிக்கை.