வண்டி என் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறதாம்!

கார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், கார் வைத்திருப்பவர்கள் ஒரே குரலில் கேட்பார்கள்: "லாரிக்கும் பஸ்ஸுக்கும் சரி, எனக்கு எதற்கு? எங்கே மிதிக்கணும், எங்கே குறைக்கணும் என்று எனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதற்குச் சாட்சி அவர் காரிலேயே இருக்கிறது: ஃபாக் லைட் சுவிட்ச்.

எந்தக் கருவியும் குறுக்கிடாமல் முழுக்க ஓட்டுநரின் விவேகத்துக்கு விடப்பட்ட சுவிட்ச் அது. அந்த விளக்கைப் பம்பரில் தாழ்வாக வைத்திருப்பது, ஒளி தரையை ஒட்டி அகலமாக விரிந்து சாலையோரத்தைக் காட்டுவதற்காக. நம்மவர்கள் அதைச் சித்திரை மாத நிலவிலும் எரியவிடுகிறார்கள், வண்டிக்கு ஒரு கெத்து என்று. மார்கழியில் கிருஷ்ணகிரிப் பக்கமோ ஊட்டி மலைப்பாதையிலோ நிஜமாகவே பனி கவிந்துவிட்டால் ஹை பீம் போடுகிறார்கள். அந்த ஒளி பனித்துளிகளில் பட்டு, போட்டவர் கண்ணுக்கே திரும்புகிறது. எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். போதாததற்கு நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டபடி ஓட்டுவது வேறு. வண்டி நிற்கிறதா, போகிறதா, திரும்பப்போகிறதா என்று பின்னால் வருகிறவர் ஜோசியம் பார்க்க வேண்டியதுதான்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று காசு கொடுத்து மாற்றுகிறவர்கள் தனி ரகம். ஒளியின் அலைநீளத்தைவிடப் பனித்துளி பல மடங்கு பெரியது. எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் முன்விளக்கைச் சட்டமாகவே வைத்திருந்த பிரான்ஸ்கூட 1993இல் அதைக் கைவிட்டது.

இரண்டே நிலை உள்ள சுவிட்சை இந்த லட்சணத்தில் கையாளுகிறவர், ஆக்ஸிலரேட்டர்மேல் இருக்கும் தன் காலுக்கு மட்டும் ஞானம் உண்டு என்கிறார். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேரின் சாவை அதிவேகத்தின் கணக்கில்தான் எழுதுகிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

"ஓவர்டேக் பண்ணும்போது வேகம் கிடைக்காவிட்டால் ஆபத்தில்லையா?" என்பார்கள். நான்குவழிச் சாலையில் எதிரே வண்டியே வராது. இருவழிச் சாலையில், வேக வரம்பை மீறினால்தான் முந்த முடியும் என்றால் அங்கே முந்தவே கூடாது. மேலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக உதவிக் கருவி கட்டாயம். அவசரத்துக்கு ஓட்டுநர் அதை மீறிப்போகவும் வழி வைத்திருக்கிறார்கள். சரி, வேகத்தால் மிச்சமாவதுதான் எவ்வளவு? சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். 80க்குப் பதில் 100இல் தடையில்லாமலே போனாலும் 24 நிமிடம்தான் லாபம். அதையும் சுங்கச்சாவடி வரிசை தின்றுவிடும். மோதினாலோ, 100இல் வெளிப்படும் ஆற்றல் 80இல் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

2019 ஜூலை முதல் வரும் நம் கார்களில் 80ஐத் தாண்டினால் அவ்வப்போதும், 120ஐத் தாண்டினால் விடாமலும் பீப் ஒலிக்கும். எனக்குத் தெரிந்தவர்கள் அதைக் கேட்டுப் பாட்டுச் சத்தத்தைத்தான் கூட்டுகிறார்கள். 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான லாரிகளுக்கு 80இல் பூட்டுப் போட்ட அரசு, சொந்தக் காருக்கு மட்டும் மணியடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ராத்திரி பகல் பாராமல் சாலையிலேயே காலம் கழிக்கும் லாரி ஓட்டுநரை நம்பாத அரசு, வாரக் கடைசியில் மட்டும் நெடுஞ்சாலைக்கு வருகிற கார்க்காரரை எதை வைத்து நம்புகிறது?