உப்புக் காற்று தின்னாத எழுத்து

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே, கட்டுக்கரைக்குளத்தை அண்டிய ஊர்களில் வாழ்வோருக்குக் குறிசுடுதலைப் பற்றி நாம் விளக்கிக் கூற வேண்டியதில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பினால் உடையவனின் குறியை மாட்டின்மீது இட்டுவிட்டால், அம்மாடு எக்காட்டில் மேய்ந்து எவர் பட்டியில் அடைந்தாலும் வழக்கு விரைவில் தீர்ந்துவிடும். கொடிய வழக்கம் என்பாரும் உளர். மாட்டைக் கேட்டால் அதுவும் அப்படித்தான் சொல்லும்.

பேசாலைக் கரையிலே நாம் கண்ட வழக்கொன்று அவ்வளவு எளிதில் தீரவில்லை. களவுபோன படகு இயந்திரம் ஒன்று அகப்பட்டிருந்தது. "இது என்னுடைய இஞ்சின்" என்றார் கடற்றொழிலாளி ஒருவர். அவர் கையிலிருந்த பற்றுச்சீட்டில் இலக்கம் தெளிவாக இருந்தது. இயந்திரத்திலோ, இலக்கத்தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகளும், உப்பு அரித்துப் பூத்த வெண்பொடியுமே எஞ்சியிருந்தன.

"மூன்று வருசமாய் என்ர கை பட்ட சாமான், எனக்குத் தெரியாதோ?"

"உங்களுக்குத் தெரியும் அண்ணை. எழுத்திலை வேணுமே!"

இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான பொருள், கடன்பட்டு வாங்கியது. அதனைத் திருத்திக் கொடுத்த மெக்கானிக் வந்து, தான் வைத்த ஒட்டைக் காட்டிய பின்னரே அது உரியவர் கைக்கு மீண்டது. அதுவரை ஒரு குடும்பம் கடலுக்குப் போகவில்லை.

சோளகமும் கச்சானும் மாறி மாறி உப்பை வாரியிறைக்கும் இத்தீவிலே மையும் வண்ணமும் ஒட்டுச்சீட்டும் நிலைப்பதில்லை. இக்காலத் தொழிற்சாலைகள் பல லேசர் ஒளியினாலேயே பொருள்களில் இலக்கம் பொறிக்கின்றன. இதுவும் ஒருவகைக் குறிசுடுதலே. சுடுவது இரும்பன்று, ஒளி.

1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் அமெரிக்காவிலே தியடோர் மைமன் என்பார் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதற்கு அவர் கையாண்டது செயற்கை மாணிக்கக் கோலொன்று. நான்காண்டுகளின் பின், மராட்டிய நாட்டின் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல், அங்குள்ள பெல் ஆய்வுகூடத்திலே கரியமிலவாயு லேசரை ஆக்கினார். அதன் ஒளியை மரமும் தோலும் கண்ணாடியும் நன்கு உறிஞ்சும். மெருகிட்ட உலோகமோ பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். ஆகவே உலோகத்துக்கு வேறு லேசர் வேண்டும். இன்று பெரிதும் வழங்குவது, மெல்லிய கண்ணாடி இழைக்குள்ளே ஒளியைப் பெருக்கும் இழை லேசர்.

அது வேலை செய்யும் விதம் பார்க்கத் தக்கது. இரண்டு சிறு கண்ணாடிகள் மின்விசையால் அசைந்து ஒளிக்கற்றையை அங்குமிங்கும் திருப்ப, ஒரு வில்லை அதனை மயிரிழை அளவான புள்ளியாகக் குவிக்கிறது. ஒரு நொடியில் பல்லாயிரம் துடிப்புகள்; ஒவ்வொன்றும் உலோகத்தில் ஓர் அணுவளவை உருக்கி ஆவியாக்கும். உளியும் இல்லை, மையும் இல்லை. (மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும். அதனாற்றான் அப்பொறியை மூடிய பெட்டிக்குள் வைத்து இயக்குகின்றனர்.)

இனி நம் கரைக்குரிய சங்கதிக்கு வருவோம். லேசரால் எழுதியது என்றாலே அழியாது என்று நம்பிவிடலாகாது. துருப்பிடியா உருக்கைக் காப்பது அதன் மேலுள்ள மிக நுண்ணிய குரோமிய ஒட்சைட்டுப் படலம். ஆழச் செதுக்கினால் அப்படலம் கிழியும். உப்புக்காற்று அவ்வெழுத்தின் வழியே உள்ளே நுழைந்து துருவை விளைவிக்கும். பெயர் எழுதப் போய் நோயை வருவித்த கதையாகும். செதுக்காமல் மெல்லச் சூடேற்றிக் கறுப்பு நிறம் வரச்செய்யும் முறையும் உண்டு. அதிலும் சூடு மிகுந்தால் அதே தீங்குதான். அனோடைசு செய்த அலுமினியத் தகட்டிலோ, காப்புப் படலத்தைக் கெடாமல் வைத்து அதன் நிறத்தை மட்டும் மாற்றலாம். கடற்கரைப் பாவனைக்கு அதுவே நல்லதென்று எமக்குத் தோன்றுகிறது.

கள்வன் விடயத்தில் பழைய முறைக்கும் ஒரு பெருமை உண்டு. அச்சு வைத்துச் சம்மட்டியால் அடித்த இலக்கத்தை அரத்தால் அராவி அழித்தாலும், அடியின் அழுத்தம் கீழுள்ள உலோகத்தில் தங்கியிருக்கும். அமிலம் பூசினால் மறைந்த இலக்கம் பலவேளை மீண்டும் தோன்றும். லேசர் எழுத்து அழுத்துவதில்லை. ஆகவே அராவிவிட்டால் மீட்பது கடினம். இரண்டையும் இரண்டிடத்தில் இட்டு வைப்பவன் புத்திசாலி.

தீவின் தென்கரையிலே 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் இதே உப்புக்காற்றிலேதான் சுழல்கின்றன. அத்தகைய பெரும்பொறிகளில் ஓர் உறுப்பு பழுதானால், அது எத்தொழிற்சாலையில், எவ்வுலோகத் தொகுதியில் வார்க்கப்பட்டது என்று தேட வேண்டும். அதே தொகுதியிற் பிறந்த உடன்பிறப்புகளையும் சோதிக்க வேண்டும். அதற்கென்றே எண்களோடு சிறுசிறு கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான சதுரக் குறியையும் லேசரால் பொறிக்கும் வழக்கம் தொழில்துறையில் பரவியுள்ளது. அச்சதுரத்தின் ஒரு பகுதி சிதைந்தாலும் எஞ்சியதைக்கொண்டு முழுவதையும் கருவி வாசித்துவிடும்.

பேசாலை அன்பரை அண்மையில் மீண்டும் கண்டோம். இலக்கத்தைப் புதிதாகப் பொறிப்பித்தீரா என்று வினவினோம். நகரிலே விசாரித்திருப்பதாகச் சொல்லிவிட்டு வீட்டினுள்ளே அழைத்துச் சென்றார். கதவின் உட்புறத்தில், அவருடைய மகள் பள்ளிக்கூடப் பென்சிலால் இயந்திரத்தின் இலக்கத்தைப் பெரிதாக எழுதி, இருமுறை அடிக்கோடும் இட்டிருந்தாள்.