நாலுமா என்பது 0.2 அன்று

கல்வெட்டுகளிலிருந்தும் பழைய நிலக்கணக்குகளிலிருந்தும் தரவு தொகுக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கிறது: பின்னங்களையெல்லாம் தசமமாக்கி விரிதாளில் ஏற்றிவிடுங்கள். வசதிக்குச் சொல்லப்படும் இந்த யோசனை சான்றை அழிக்கிறது.

சோழர்காலக் கல்வெட்டுகளில் நிலஅளவு வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கும். வேலியில் இருபதில் ஒன்று மா. 320இல் ஒன்று முந்திரி. ‘நாலுமா’ என்றால் 4/20. எக்செல்லில் 0 4/20 என்று தட்டினால் கலம் அதை 1/5 எனச் சுருக்கிக் காட்டும். தசமமாக்கினால் 0.2. மதிப்பு பிழைத்தது, எண்ணிய முறை போயிற்று. மலையாள எழுத்தில் நாலுமாவுக்கென்று தனிக்குறியே உண்டு. 2016இல் வெளியான யூனிகோட் 9.0 அதற்கு இடமளித்தது. வட இந்தியக் கணக்குகள் அணா வழியே பதினாறின் கூறுகளில் நடந்தன. தெலுங்குக் கணக்கு நான்கின் அடுக்குகளில் பின்னத்தை எழுதியது. இந்த வேறுபாடுகள்தாம் மொழியியலாரின் தரவு. தசமப்புள்ளி அவற்றை ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

குறியீடு கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்போரும் உண்டு. 2019இல் யூனிகோட் 12.0 தமிழ்ப் பின்னக் குறிகளைச் சேர்த்தது மெய்தான். =UNICHAR(73664) என்று எழுதினால், எழுத்துரு இருக்கும் கணினியில், முந்திரிக் குறி தோன்றும். ஆனால் கலத்திற்கு அது வெறும் எழுத்து. ஆல்ட் விசையோடு 0188 தட்டிப் பெறும் ¼ குறிக்கும் இதே கதி. கூட்டல் சூத்திரம் அவற்றை ஓசையின்றித் தாண்டிச் செல்லும், பிழைச்செய்திகூட வராது. யூனிகோட் தரவுத்தளம் அக்குறிகளின் எண்மதிப்பையும் சேர்த்தே பதிந்திருக்கிறது. விரிதாள்தான் அதைப் படிப்பதில்லை.

சாய்கோடு இன்னும் மோசம். இந்தியத் தேதி அமைப்பில் 1/4 என்றால் ஏப்ரல் முதல் நாள். 2025இல் தட்டியிருந்தால் கலத்தின் உள்ளே இருப்பது 45748. கால் வேலி நிலம் அந்த எண்ணாகவே கூட்டுத்தொகையில் சேரும். பிறகு கலத்தை உரைவடிவுக்கு மாற்றினாலும் 45748தான் மிஞ்சும். இதே தொல்லைக்காக 2020இல் மரபணுப் பெயர்க்குழு மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்றியது. மார்ச் மாதமாகிவிடும் ‘மார்ச்1’ அன்று ‘மார்ச்எஃப்1’ ஆனது. கல்லில் வெட்டியதை அப்படி மாற்ற இயலாது.

செய்யவேண்டியது பெரிதன்று. முதல் நிரலைத் தட்டுவதற்கு முன்பே உரைவடிவாக்கி, கல்லில் உள்ள வாசகத்தை அப்படியே இடவேண்டும். அடுத்த நிரலில் =4/20 என்று சூத்திரமாக மதிப்பை இடவேண்டும்; சூத்திரத்தை விரிதாள் சுருக்காது. கோப்பைச் சிஎஸ்வியாக மட்டும் காப்பதும் ஆபத்து: கண்ணுக்குத் தெரிவதே அதில் சேமிக்கப்படும். பகுதியில் ஈரிலக்கமே கொள்ளும் பின்ன வடிவில் முந்திரி 0 என்று தெரியும், 0 என்றே சேமிக்கப்படும்.

வேலை இரட்டிக்கிறது என்பார்கள். தட்டச்சை எழுத்தர் வேலையென்று ஒதுக்கி, எந்தப் பயிற்சியும் தராமல் மாணவர் தலையில் கட்டும் துறைகள் இதைச் சொல்லத் தகுதியற்றவை. பின்னிணைப்பில் 0.2 மட்டும் இருக்க, “கல்லில் இருப்பது நாலுமாவா, ஐந்தில் ஒன்றா?” என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டால், அந்த மாணவர் மறுபடியும் மைப்படியைத் தேடித்தான் ஓடவேண்டும்.