வாயைத் திறந்து தூங்கும் குழந்தை: டேப் ஒட்டினால் சரியாகுமா? குறட்டைக்கும் சேட்டைக்கும் என்ன தொடர்பு?

இன்ஸ்டாகிராமில் வாய்க்கு டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மூக்கு வழியா மூச்சு விட்டா முக அமைப்பே மாறும், தூக்கம் நல்லா வரும்' என்பதுதான் அவற்றின் சாராம்சம். பெரியவர்களிடம் ஆரம்பித்த இந்த ட்ரெண்ட், 'அப்போ வாயைத் திறந்து தூங்குற என் பையனுக்கும் ஒட்டலாமா?' என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

ஒட்டக்கூடாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலையை ஒதுக்கிவிட முடியாது. குழந்தை எப்படி மூச்சு விடுகிறது என்பதற்கும், அதன் தூக்கம், நடத்தை, வளர்ச்சிக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறது.

குழந்தை ஏன் வாயால் மூச்சு விடுகிறது?

பெரும்பாலும் மூக்கு வழியில் ஏதோ தடை இருப்பதால்தான். சளி பிடித்தால் நாலு நாள் வாயால் மூச்சு விடுவது எல்லோருக்கும் நடப்பது. மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, தூசி போன்றவற்றால் வரும் மூக்கு அலர்ஜி. இன்னொன்று, அடினாய்டு வீக்கம். மூக்கின் பின்பக்கம், தொண்டைக்கு மேலே இருக்கும் சதைதான் அடினாய்டு. வாயைத் திறந்தால் டான்சில் தெரியும், அடினாய்டு தெரியாது. பள்ளிக்குப் போக ஆரம்பிக்கும் வயதை ஒட்டி இது பெரிதாக இருக்கும், பிறகு தானாகவே சுருங்கும். மூச்சுப்பாதை குறுகலாக இருக்கும் அந்த வயதில் இதுவும் வீங்கினால் காற்று போகும் வழி அடைபடும்.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். ஏற்கெனவே குறுகலான பாதை இன்னும் குறுகும். காற்று உரசிப் போகும் சத்தம்தான் குறட்டை. சில குழந்தைகளுக்குப் பாதை சில நொடிகள் முழுதாக அடைபடும். மூளை லேசாக விழித்து மூச்சைத் திரும்ப இழுக்க வைக்கும். இது இரவு முழுவதும் திரும்பத் திரும்ப நடந்தால், அதுதான் தூக்கத்தில் மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் கணக்குப்படி, சுமார் 1 முதல் 6 சதவீதம் குழந்தைகளுக்கு இது இருக்கலாம்.

'நல்லா அசந்து தூங்குறான், அதான் குறட்டை' என்று நம் வீடுகளில் சொல்வோம். பல நேரம் உண்மை நேர்மாறு. அந்தக் குழந்தை ஒன்பது மணி நேரம் படுத்திருந்தாலும் ஒழுங்காகத் தூங்கியிருக்காது.

சேட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தூக்கம் போதவில்லை என்றால் நாம் ஆபீஸில் கொட்டாவி விடுவோம். பல குழந்தைகள் கொட்டாவி விடமாட்டார்கள். துறுதுறுவென்று ஓடுவார்கள், அடம் பிடிப்பார்கள், ஒரு இடத்தில் உட்கார மாட்டார்கள். பார்ப்பதற்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு மாதிரியே இருக்கும்.

இதை டாக்டர்கள் இன்று நேற்று கவனிக்கவில்லை. வாயால் மூச்சு விட்டு, குறட்டை விட்டு, பள்ளியில் 'மந்தம்' என்று பெயர் வாங்கும் குழந்தைகளைப் பற்றி வில்லியம் ஆஸ்லர் 1892-லேயே தன் மருத்துவப் பாடநூலில் எழுதியிருக்கிறார்.

பெரிய அளவிலான ஆதாரம் 2012-ல் வந்தது. இங்கிலாந்தின் ஏவான் பகுதியில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் குறட்டை, வாய் மூச்சு, மூச்சுத்தடை பற்றி, 6 மாதக் குழந்தையாக இருந்தது முதல் பெற்றோரிடம் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். இந்தப் பிரச்சினைகள் இருந்த குழந்தைகளுக்கு 7 வயதில் நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு 40 முதல் 100 சதவீதம் வரை அதிகமாக இருந்தது.

ஆனால் ஒன்று: இந்த ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது. குறட்டை விடும் எல்லாக் குழந்தைக்கும் கவனப் பிரச்சினை வரும் என்றோ, கவனப் பிரச்சினை உள்ள எல்லோருக்கும் காரணம் குறட்டைதான் என்றோ அர்த்தம் இல்லை.

ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இங்கேதான் ரீல்ஸ் சொல்லாத பகுதி இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்லீப் ஆப்னியா இருந்த 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே டான்சில், அடினாய்டு ஆபரேஷன். இன்னொரு குழுவை ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்தார்கள். 2013-ல் வெளியான முடிவு இது: ஏழு மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஸ்லீப் டெஸ்ட் நார்மல். பெற்றோர் பார்வையில் நடத்தையும் மேம்பட்டது. ஆனால் கவனத்தை அளக்கும் நேரடித் தேர்வில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்த குழுவிலும் 46 சதவீதம் பேருக்கு ஸ்லீப் டெஸ்ட் நார்மலுக்கு வந்திருந்தது.

லேசான பாதிப்பு உள்ள 459 குழந்தைகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2023-ல் வெளியானது. அதிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஓராண்டு கழித்து நடத்தை, வாழ்க்கைத் தரம், ரத்த அழுத்தம் ஆகியவற்றில் முன்னேற்றம் இருந்தது. கவனத் தேர்வில் வித்தியாசம் இல்லை.

அதாவது, தேவைப்படும் குழந்தைக்கு ஆபரேஷன் நல்ல தூக்கத்தைத் தரும். 'மார்க் ஏறும்' என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

முகம் மாறும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொட்டபடி இருக்கும். வாய் எப்போதும் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். மேல் தாடை குறுகலாகி, பல் வரிசை மாற வாய்ப்பு உண்டு. குரங்குகளின் மூக்கை அடைத்து எகில் ஹார்வோல்ட் நடத்திய ஆய்வில் தாடையும் பல் வரிசையும் மாறின. ஆனால் முக அமைப்பில் பரம்பரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

விரல் சூப்பும் பழக்கமும் இதில் சேரும். சின்ன வயதில் அது இயல்பு, திட்ட வேண்டாம், வேப்பெண்ணெய் தடவ வேண்டாம். 4 வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழலாம். அப்போது பல் டாக்டரிடம் காட்டலாம்.

டேப் ஏன் கூடாது?

மூக்கு அடைத்திருப்பதால்தான் குழந்தை வாயைத் திறக்கிறது. அந்த மாற்று வழியையும் மூடினால் மூச்சுத்திணறல் வரலாம். 2025-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வாய் டேப் பற்றிய 10 ஆய்வுகளை அலசியது. பலன் பற்றிய ஆதாரம் மிகக் குறைவு, மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதுதான் முடிவு.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

* சளி இல்லாத நாட்களிலும், வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை
* மூச்சு நின்று, பிறகு 'ஹக்' என்று இழுப்பது
* கழுத்தை வளைத்துத் தூங்குவது, அதிகமாக வியர்ப்பது
* படுக்கையை நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி நனைப்பது
* காலையில் தலைவலி, வகுப்பில் தூக்கம் அல்லது அதீதத் துறுதுறுப்பு
* உயரமும் எடையும் வயதுக்கு ஏற்றபடி ஏறாமல் இருப்பது

இதில் சில பொருந்தினால், தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. குழந்தை மருத்துவரிடமோ இ.என்.டி. டாக்டரிடமோ அதைக் காட்டுங்கள். மூச்சு நிற்பதையோ உதடு நீலமாவதையோ பார்த்தால் தள்ளிப்போட வேண்டாம்.

அலர்ஜி என்றால் மூக்கு ஸ்ப்ரே போதுமானதாக இருக்கலாம். உடல் பருமன் காரணம் என்றால் எடைக் குறைப்பு. சிலருக்கு ஸ்லீப் டெஸ்ட், சிலருக்கு ஆபரேஷன். அலர்ஜிக்குத் தரும் மாண்டிலுகாஸ்ட் மருந்தைக் கடையில் நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். அது மனநிலையையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020-ல் தன் உச்சபட்ச எச்சரிக்கையை விடுத்தது. மருந்து ஆரம்பித்த பிறகு குழந்தை எரிச்சலாகவோ பயந்தோ காணப்பட்டால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் 'உங்க பையன் உட்கார மாட்டேங்குறான், கவனிக்க மாட்டேங்குறான்' என்று டீச்சர் சொன்னால், வீட்டுக்கு வந்து திட்டுவதற்கு முன்னால் அன்று இரவு அவன் எப்படித் தூங்குகிறான் என்று பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.