கைவலுவின் பெயரால் ஒரு தடை

பெண்ணின் கைக்குப் பிஸ்டல் அடங்காது, வயதானவர் கைக்கும் அடங்காது, அப்படியே கொடுப்பதென்றால் சின்னதாக, இலேசாக ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரோடியிருக்கிறது. 1973-லேயே தமிழ்நாடு காவல்துறை பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 2022-இல் கடற்படை அக்னிவீரர் பணிக்குப் பெண்களை எடுக்கத் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் பழவேற்காட்டின் கூனங்குப்பத்திலோ கோட்டைக்குப்பத்திலோ சீருடைப் பணிக்கு மனுப்போட நினைக்கும் ஒரு பெண்ணைத் தயங்க வைக்க இந்த ஒரு பேச்சு போதும். இது தவறான பேச்சு. பிஸ்டல் எப்படி வேலை செய்கிறது என்று அறியாததால் நிற்கும் பேச்சு.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2007-இல் ஜெர்மனியில் ஆண், பெண் கைப்பிடி வலுவை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு பெண்களின் பிடி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்களின் பிடியைவிடக் குறைவாகவே இருந்தது. வித்தியாசம் உண்மை, பெரிதும்கூட. ஆனால் யாருக்கு வலு அதிகம் என்பதல்ல கேள்வி. இந்தக் கருவிக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பதே கேள்வி. அரைத் தானியங்கிப் பிஸ்டலில் முதல் தோட்டாவை மேகசினிலிருந்து குழலுக்குள் ஏற்ற, மேலேயுள்ள ஸ்லைடை ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறிப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். வழக்கமான 9 மி.மீ. பிஸ்டலில் இதற்குச் சுமார் 7 முதல் 10 கிலோ விசை போதும். வளர்ந்த பெண்ணின் முழுக் கைப்பிடி சராசரியாக 30 கிலோவை ஒட்டி இருக்கும். பிறகு ஏன் பலரால் முடிவதில்லை? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஸ்லைடைக் கிள்ளிப் பிடிப்பதால்தான். கிள்ளிப் பிடிக்கும் வலு பெண்களுக்குச் சராசரியாக 5 முதல் 8 கிலோதான். ஸ்பிரிங் கேட்பதைவிடக் குறைவு, அல்லது அதை ஒட்டியது. கைக்கு வலுவில்லை என்று தீர்ப்பெழுதும் இடத்தில் உண்மையில் தோற்றிருப்பது ஒரு பிடிமுறை.

சரியான முறை கற்றுத் தரக்கூடியது. பிஸ்டலை மார்புக்கு அருகே கொண்டுவந்து, குழலின் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, டிரிக்கரில் விரல் வைக்காமல், மற்றக் கையின் நான்கு விரல்களும் உள்ளங்கையும் சேர மேலிருந்து ஸ்லைடைக் கவ்வ வேண்டும். அந்தக் கை ஸ்லைடை அப்படியே நிறுத்திப் பிடிக்க, கைப்பிடியைப் பற்றிய கை பிஸ்டலை முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது தோளும் மார்பும் முதுகும் வேலை செய்கின்றன. விரல்கள் பற்றிக்கொண்டால் போதும். கரைவலை இழுக்கிறவர் விரலை நம்பி இழுப்பதில்லை, உடம்பைச் சாய்த்துத்தான் இழுக்கிறார். பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஹேமர் வெளியே தெரியும் பிஸ்டலானால், பயிற்றுநர் முன்னிலையில் முதலில் அதைப் பின்னுக்குச் சாய்த்துவிட்டு இழுக்கலாம். ஸ்லைடு ஹேமரின் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டிய சுமை குறையும். நம் போலீசார் கையில் நெடுங்காலமாக இருந்துவரும் இஷாப்பூர் 9 மி.மீ. 1ஏ அப்படி ஹேமர் வெளியே உள்ள பிஸ்டல்தான்.

சின்னத் துப்பாக்கிதான் பெண்ணுக்கு ஏற்றது என்ற வாதம் இதைவிட மோசமானது, ஏனெனில் அது உதவி போல வருகிறது. 2012-இன் தில்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின், 2014-இல், கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தியது. எடை சுமார் 500 கிராம், அன்றைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். கைப்பையில் வைக்க எளிது என்பது சரி. சுட எளிதா? பொதுவாக ரிவால்வரில் ஹேமரைக் கையால் சாய்க்காமல் டிரிக்கரை மட்டும் இழுத்துச் சுட ஒற்றை விரலால் 4, 5 கிலோ விசை கொடுக்க வேண்டும். அரைக் கிலோ எடையுள்ள பொருளை அசையாமல் பிடித்தபடி அதைப்போல எட்டு, பத்து மடங்கு விசையில் விரலை இழுத்தால் குறி ஆடாமல் இருக்குமா? எடை குறையக் குறைய, சுடும்போது கையில் வந்து மோதும் அடியும் கூடும். சிறிய பிஸ்டலிலும் கதை இதேதான். ஸ்லைடு இலேசாக, குட்டையாக ஆகும்போது, அது பின்னோக்கி வரும் வேகத்தைக் குறுகிய தூரத்துக்குள் அடக்க விறைப்பான ஸ்பிரிங் தேவை. வலு குறைந்த கைக்கு, கொஞ்சம் கனமான, முழு அளவுப் பிஸ்டலே பெரும்பாலும் இணக்கமானது. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் ஸ்லைடை எளிதாக இழுக்கவென்றே ‘ஈஸி’ வரிசையைக் கொண்டுவந்தது. துப்பாக்கியைச் சுருக்கி அல்ல, ஸ்பிரிங்கைத் தளர்த்தும்படி வடிவமைத்து.

மணிக்கட்டு தளர்ந்தால் பிஸ்டல் சிக்கிக்கொள்ளுமே என்பார்கள். சிக்கும், காலி உறை வெளியேறாமல் அடைபடும். இரு கையாலும் இறுகப் பற்றி மணிக்கட்டை விறைப்பாக வைக்கப் பழக்குவதே அதற்கு மருந்து. ஆண்களுக்கும் அதே மருந்துதான். முடக்குவாதம் முற்றிய கைகளால் சில பிஸ்டல்களை இயக்கவே முடியாது என்பதும் மெய். அதை அந்தக் கையைச் சோதித்து முடிவு செய்ய வேண்டும். பாலினத்தையும் வயதையும் பார்த்து அல்ல. ஹங்கேரியின் கரோலி டகாச்சின் வலக்கையை 1938-இல் கையெறி குண்டு சிதைத்தது. இடக்கையால் பழகி, 1948-லும் 1952-லும் ஒலிம்பிக் விரைவுப் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்து சந்த்ரோ தோமர் அறுபது வயதுக்கு மேல்தான் முதன்முதலில் பிஸ்டலைத் தொட்டார். பிறகு போட்டிகளில் பதக்கம் பல பெற்றார்.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதற்கு எளிதில் உரிமம் தராது, தரவும் வேண்டாம். நான் பேசுவது வேலையைப் பற்றி. பழவேற்காடு ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருக்கிறார்கள். அதே கரையிலிருந்து வரும் பெண்ணிடம் உன் கை தாங்காது என்று எந்த முகத்தோடு சொல்கிறோம்? பயிற்றுநர்களே, ஒருத்தி ஸ்லைடை இழுக்கத் தடுமாறினால் தகுதியில்லை என்று குறிக்குமுன் அவள் கிள்ளிப் பிடிக்கிறாளா, கவ்விப் பிடிக்கிறாளா என்று பாருங்கள். குப்பத்துப் பெற்றோர்களே, மகள் மனுவை நிரப்பிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுங்கள்.