நோய்க்குப் பெயர் வைக்கும்போது

மலேரியா என்ற சொல்லை நாம் அனைவரும் அறிவோம். அதன் பொருளை அறிந்தவர் சிலரே. அது இத்தாலிய மொழியிலிருந்து வந்த சொல். 'மாலா' என்றால் கெட்ட; 'ஆரியா' என்றால் காற்று. முற்காலத்தில் ரோம் நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களின் அருகே வாழ்ந்தோர் அடிக்கடி காய்ச்சல் கண்டு மாண்டனர். சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே அதற்குக் காரணம் என மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கையே நோயின் பெயராக நிலைத்துவிட்டது.

சதுப்பு நிலத்திற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்று அவர்கள் எண்ணியது சரியே. ஆனால், குற்றவாளி காற்று அன்று. 1880ஆம் ஆண்டில் அல்போன்ஸ் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத் நகரில், ரொனால்ட் ராஸ் அவ்வொட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார். இந்த உண்மை நம் நாட்டிலும் உயிர்களைக் காத்தது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடியச் செய்து, கொசுக்கள் பெருகும் இடங்களை அழித்தார். சில ஆண்டுகளிலேயே அங்கு மலேரியா வெகுவாகக் குறைந்தது.

தமிழில் இந்நோய்க்கு 'முறைக்காய்ச்சல்' என்ற பெயர் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதுபோல முறை வைத்து வரும் காய்ச்சல் என்பது அதன் பொருள். இப்பெயர் காரணத்தை ஊகிக்கவில்லை. கண்ட அறிகுறியை மட்டுமே சொல்கிறது. எனவே, கொசுவைப் பற்றிய உண்மை தெரிந்த பின்னரும் அது பொய்யாகவில்லை.

பெயர் தவறினால் என்ன, மருத்துவம் சரியாக இருந்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். பெயர் தவறினால் மருத்துவமும் தவறக்கூடும். 1998ஆம் ஆண்டில் பேராக்கிலும், பின்னர் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் மூளைக்காய்ச்சலால் இறந்தனர். தொடக்கத்தில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. கொசு மருந்து தெளிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆயினும், நோய் அடங்கவில்லை. பன்றிகளிடமிருந்து தொற்றிய புதிய கிருமியே காரணம் என்பது 1999ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. நம் நாட்டில் அந்நோய்க்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

அக்கிருமிக்குச் சுங்கை நிப்பா என்ற சிற்றூரின் பெயர் சூட்டப்பட்டது. அவ்வூர் மக்கள் நோயை உண்டாக்கவில்லை, நோயால் துன்புற்றவர்கள். இருப்பினும், இன்று உலகம் அவர்கள் ஊரின் பெயரைச் சாவோடு சேர்த்தே சொல்கிறது. இத்தகைய பழியைத் தவிர்க்கவே, புதிய நோய்களுக்கு ஊர், மனிதர், விலங்கு ஆகியவற்றின் பெயர்களைச் சூட்ட வேண்டாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் கேட்டுக்கொண்டது.

பழைய பெயர்களையெல்லாம் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து அன்று. மலேரியா என்ற சொல் அப்படியே இருக்கட்டும். இனி வரும் நோய்களுக்கு, உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே பெயராக வைப்போம். வகுப்பில் நால்வருக்குக் காய்ச்சல் கண்டால், முதலில் படுத்த மாணவனின் பெயரை அதற்கு வைத்துக் கேலி செய்வோரும் உண்டு. அவனும் நம்மைப்போல் நோயுற்றவனே. அவன்மீது பழி சுமத்தாமல் நலம் விசாரிப்பதே பண்பு.