வழுக்கும் கிளட்சும் வார்த்த எண்ணெயும்

நம் உபதேசியாரின் மோட்டார் சைக்கிள், மலையேற்றத்தில் என்ஜின் அலறியும் வேகம் கூடாமல் தயங்கிற்றாம். பின்னிருக்கையில் மனைவி, மடியில் குழந்தை! “கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன” என்றார் மெக்கானிக். மாற்றினால் உபதேசியாரின் சம்பளத்தில் பாதி போய்விடும்.

முதலில் கிளட்ச் கேபிளை நோக்கினோம். அது சற்றும் தளர்வின்றி இழுத்து நின்றால் பிளேட்டுகள் முழுதும் அழுந்தா. அங்கே குறையில்லை. பின்னர் ஆயிலைப் பற்றி வினவினோம். மலிவாய்க் கிடைத்ததென்று காருக்குரியதை வார்த்திருந்தார்!

கியர் மாற்றி ஓட்டும் கார்களில் கிளட்ச் பொதுவாக ஆயில் படாத இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலோ என்ஜின் ஆயிலில் நனைந்தே சுழல்கிறது. எரிபொருள் சிக்கனத்துக்கெனக் கார் ஆயில்கள் சிலவற்றில் கலக்கப்படும் உராய்வு குறைக்கும் பொருள்கள் அதன் பிடிப்பைக் கெடுத்துவிடும். இதனாலேயே ஜப்பானியர் 1998-இல் ‘ஜாசோ’ தரத்தை வகுத்தனர். டப்பாவில் ‘எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்றிருத்தல் வேண்டும். ‘எம்.பி.’ என்பது கியரற்ற ஸ்கூட்டர்களுக்கு உரியது. 10டபிள்யூ-30 போன்ற தடிப்பு எண்ணை வண்டிக் கையேடு கூறும்.

உரிய ஆயிலை மாற்றி, சமதரையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். பிளேட்டுகள் கருகியிருந்தால் செலவு தவிர்க்கவியலாது. அது தெளியும்வரை மனைவியும் குழந்தையும் பேருந்தில் வரட்டும் என்றோம். அதில்தான் உபதேசியாருக்குச் சற்று மனத்தாங்கல்.